யாரும் எடுக்காத சக்கரம்

போன ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் பாருவில் அடைமழை. வாசலில் நிற்கும் கார்கூடக் கண்ணுக்குத் தெரியவில்லை. வீட்டுக்குள் நாங்கள் நான்கு பெரியவர்கள் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து மனித நாகரிகத்தை வளர்த்துக்கொண்டிருந்தோம்.

வளர்க்கப் பார்த்தோம் என்று சொல்வதுதான் சரி. மத்தியானச் சாப்பாட்டை முடித்துவிட்டு உட்கார்ந்தவர்கள்... சாயங்கால டீ, எங்கள் ஊர் தே தாரிக், போடும் நேரம் வந்துவிட்டது. எங்களில் ஒருவர்கூட இன்னும் சக்கரத்தைக் கண்டுபிடிக்கவில்லை.

மூளை இல்லாமல் இல்லை. சக்கரம் மேசையின் நடுவிலேயே, எல்லார் கைக்கும் எட்டும் தூரத்தில் கிடந்தது. எடுக்கத்தான் ஆளில்லை. மரியாதை தடுத்தது.

புரியவில்லையா? இருங்கள், முதலிலிருந்து சொல்கிறேன்.

என் அக்காள் மகள் ஜெனிஃபருக்குக் கல்யாணம் பேசியிருக்கிறோம். பெண் ஜொகூர் பாருவில் ஒரு கிளினிக்கில் பிசியோதெரபிஸ்ட். பையன் தினேஷ், தினமும் பாலம் தாண்டி சிங்கப்பூர் போய் ஒரு லிஃப்ட் கம்பெனியில் வேலை பார்க்கிறான். இருவரும் விரும்பினார்கள், பெரியவர்கள் சரி என்றோம். நாங்கள் மூவார் கத்தோலிக்கக் குடும்பம். அவர்கள் சாஆ என்ற ஊர்ப் பக்கத்து இந்துக் குடும்பம். அதில் யாருக்கும் முகம் கோணவில்லை. இந்தக் காலத்தில் இதெல்லாம் ஒரு விஷயமா?

என் அக்காள் சில வருடங்களுக்கு முன் தவறிவிட்டாள். அதனால் சம்பந்திப் பேச்சு என்று வந்தால் அத்தானுக்குப் பக்கத்தில், அக்காள் உட்கார வேண்டிய இடத்தில், நான் உட்காருகிறேன். அத்தான் மூவாரில் நாற்காலி மேசை செய்யும் ஃபேக்டரியில் சூப்பர்வைசராக இருந்து ஓய்வு பெற்றவர். அதிகம் பேச மாட்டார். பேசினாலும் எதிராளி மனம் நோகாமல் பேசுவார்.

அந்தப் பக்கம் அதற்கு மேல். தினேஷின் அப்பா சுப்ரமணியம் செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பார்த்தவர். அம்மா லெட்சுமி பள்ளிக்கூட கேன்டீன் நடத்தியவர். இரண்டு பேரும் தங்கம். குரலை உயர்த்த மாட்டார்கள், எதிர்த்துப் பேச மாட்டார்கள், வெறுங்கையோடு வர மாட்டார்கள்.

இப்படிப்பட்ட இரண்டு குடும்பம் சேர்ந்தால் கல்யாணம் எவ்வளவு சுலபமாக முடிய வேண்டும்? முடியவில்லை. மாதக்கணக்கில் இழுத்துக்கொண்டே போனது. ஒரு தேதி குறிக்க முடியவில்லை.

சிக்கல் இதுதான். எங்கள் கத்தோலிக்கத் தமிழர் வீடுகளிலும் சர்ச்சில் தாலி கட்டுவது உண்டு. அவர்கள் வீட்டில் கோயிலில் தாலி. சர்ச்சும் வேண்டும், கோயிலும் வேண்டும், அடுத்தடுத்த நாளில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்பதில் எல்லாருக்கும் சம்மதம். ஆனால் தாலி ஒருமுறைதான் ஏறும். எது முதல் நாளோ அங்கே ஏறும். முதல் நாள் நடப்பது கல்யாணம். மறுநாள் நடப்பது, என்னதான் மேளம் கொட்டினாலும், கல்யாணம் மாதிரி ஒன்று.

அப்படியானால் எது முதலில்?

இதைப் பேசி முடிக்கத்தான் மறுபடி மறுபடி சந்தித்தோம். எங்கே? ஆயர் ஈத்தாமில். மூவாரிலிருந்து அவர்கள் வீட்டுக்கு நாங்கள் போனால் அவர்களுக்குச் சமையல் சிரமம். அவர்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால் அவர்களுக்குப் பயணச் சிரமம். அதனால் இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு சாப்பாட்டுக் கடை. பேச்சு எப்போதும் ஒரே மாதிரிதான் போகும். அத்தான் தொண்டையைச் செருமிக்கொண்டு, எது முதலில் வைத்துக்கொள்ளலாம் என்று கேட்பார். சுப்ரமணியம் பதறிப்போய், "உங்க இஷ்டம் சம்பந்தி" என்பார். அத்தான் அதைவிடப் பதறி, "சேச்சே, உங்க இஷ்டந்தான்" என்பார். அப்புறம் மீன் தலைக் கறி வந்துவிடும்.

சாப்பிட்டு முடித்ததும் பக்கத்துப் பீங்கான் கடைக்குள் நுழைவார்கள். அவர்கள் எங்களுக்கு ஒரு பூச்சாடி வாங்கித் தருவார்கள். சும்மா வாங்கிக்கொண்டு போக முடியுமா? நாங்கள் அவர்களுக்கு ஒன்று வாங்கித் தருவோம். இப்போது அத்தான் வீட்டு ஹாலில் நடக்க வேண்டுமானால் பக்கவாட்டாகத்தான் நடக்க வேண்டும். அவர்கள் வீட்டிலும் அதே கதை என்று தினேஷ் சொல்கிறான். இரண்டு வீட்டிலும் பூ கிடையாது.

இதற்கு நடுவில் தினேஷின் கம்பெனி அவனை இரண்டு வருடத்துக்கு ஹனோய் அனுப்புவதாக முடிவு செய்தது. வருடக் கடைசியில் கிளம்ப வேண்டும். கல்யாணம் முடிந்திருந்தால் ஜெனிஃபரும் கூடப் போகலாம். முடியாவிட்டால் அவன் தனியாகப் போவான், இவள் இங்கே இருப்பாள்.

அப்படியானால் ஆபீசில் கையெழுத்துப் போட்டு ரெஜிஸ்டர் செய்துவிட்டுக் கிளம்புகிறோமே என்று தினேஷ் ஒருநாள் மெதுவாகக் கேட்டுப் பார்த்தான். அதற்கு மட்டும் நாங்கள் நான்கு பேரும் ஒரே குரலில் கூடாது என்றோம். அத்தனை மாதத்தில் இரண்டு குடும்பமும் ஒத்துப்போன ஒரே விஷயம் அதுதான்.

இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். இந்த "உங்க இஷ்டம்" இருக்கிறதே, அது வெளியிலிருந்து பார்த்தால்தான் தேன். ஆயர் ஈத்தாமிலிருந்து திரும்பும்போது அத்தான் காரில் ஒருநாள் சொன்னார். எதைக் கேட்டாலும் நம் இஷ்டம் என்கிறார்களே, அவர்களுக்கு இந்தக் கல்யாணத்தில் அவ்வளவு பிடிப்பு இல்லையோ என்று. நான் இல்லை இல்லை என்றேன். எனக்கும் அதே சந்தேகம்தான். பிறகு ஜெனிஃபர் மூலம் தெரிந்தது, லெட்சுமியம்மாளும் மகனிடம் இதையேதான் கேட்டிருக்கிறார். பெண் வீட்டில் எதையும் கேட்க மாட்டேன் என்கிறார்களே, நம்மைப் பிடிக்கவில்லையா என்று.

பிள்ளைகள் இருவரும் இடையில் மாட்டிக்கொண்டு முழித்தார்கள். ஜெனிஃபர் வாரா வாரம் எனக்கு ஃபோன் செய்து, ஏதாவது பேசினீர்களா என்று கேட்பாள். நான் நன்றாகப் பேசினோம் என்பேன். தேதி? அது மட்டும் பேசவில்லை என்பேன். அவள் ஃபோனை வைத்துவிடுவாள்.

அப்படித்தான் போன ஞாயிறு வந்தது. ஜெனிஃபர் தன் வாடகை வீட்டுக்கு எல்லாரையும் சாப்பிடக் கூப்பிட்டிருந்தாள். ஆயர் ஈத்தாமைத் தாண்டி இரண்டு குடும்பமும் சந்தித்தது அதுதான் முதல் தடவை. சாப்பிட்டோம். மழை பிடித்துக்கொண்டது. கிளம்பவும் முடியாது, பேசவும் ஒன்றுமில்லை. என் வீட்டுக்காரர் சாமர்த்தியசாலி, ஃபுட்பால் இருக்கிறது என்று சொல்லிவிட்டு வரவேயில்லை.

தினேஷ் அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து வந்தான். சிங்கப்பூரில் வாங்கியதாம். வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் ஆபீஸ் நண்பர்களோடு ஆடுவானாம். கார்டு கேம் என்றதும் சுப்ரமணியம் முகம் மலர்ந்து ரம்மியா என்று கேட்டார். ரம்மி இல்லை. ஆளுக்கு ஒரு குலம். கற்காலத்தில் ஆரம்பித்து நாகரிகத்தைப் படிப்படியாக வளர்க்க வேண்டும். யார் குலம் கடைசியில் செழிப்பாக இருக்கிறதோ அவர் ஜெயித்தவர்.

விதிகள் அப்படியொன்றும் கஷ்டமில்லை. நடுவில் கார்டுகள் வரிசையாக விரித்து வைக்கப்பட்டிருக்கும். நெருப்பு, பானை, கலப்பை, படகு, சக்கரம் இப்படி. உங்கள் முறை வரும்போது ஒன்றை எடுக்கலாம், அல்லது வேண்டாம் என்று விடலாம். ஒன்று இருந்தால்தான் அடுத்தது வரும். சக்கரம் இல்லாமல் வண்டி இல்லை, வண்டி இல்லாமல் சந்தை இல்லை. கையில் இரண்டொரு போர்க் கார்டும் இருக்கும். அதைப் போட்டால் அடுத்தவரிடமிருந்து ஒன்றைப் பிடுங்கிக்கொள்ளலாம்.

என்னுடைய யுக்தி எளிது. வயல் கார்டு வந்தால் எடுப்பேன். படம் அழகாக இருந்தது. வயலுக்கு யாரும் போட்டிக்கு வரவில்லை. போகிற போக்கில் ஒரு கிணறும் எடுத்து வைத்துக்கொண்டேன்.

மற்ற மூவரும் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சுப்ரமணியம் முறை வந்தது. கை சக்கரம் வரை போனது. அத்தானைப் பார்த்தார். சம்பந்தி எடுக்கட்டும் என்று சொல்லிவிட்டு ஒரு பானையை எடுத்துக்கொண்டார். அத்தான் முறை. அவரும் சக்கரத்தைப் பார்த்தார், சம்பந்தியைப் பார்த்தார், பரவாயில்லை என்று சொல்லி இன்னொரு பானையை எடுத்தார். லெட்சுமியம்மாள், ஆண்கள் எடுக்காததை நான் எடுப்பதா என்று விட்டுவிட்டார். மறுபடி சுற்றி வந்தது. மறுபடி பானை.

உள்ளதைச் சொன்னால் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆயர் ஈத்தாமில் வாங்கிய பூச்சாடிகள் போதாதென்று இங்கேயும் பானை சேர்க்கிறார்களே என்று நினைத்துக்கொண்டேன்.

ஜெனிஃபர் விதிப் புத்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு நடுவராக உட்கார்ந்திருந்தாள். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. ஒருவர் சக்கரத்தை எடுத்துவிட்டால் அவரிடம் ஒரு கார்டைக் கொடுத்து மற்றவர்களும் சக்கரம் கற்றுக்கொள்ளலாம், அதனால் யார் எடுத்தாலும் எல்லாருக்கும் நல்லதுதான் என்று விளக்கினாள். அப்படியா, அப்ப சம்பந்தியே எடுக்கட்டும் என்றார் அத்தான்.

இன்னொரு சுற்று போனது. ஜெனிஃபர் புத்தகத்தைப் பார்த்தாள், கார்டைப் பார்த்தாள்.

"இந்தச் சுத்துலயும் யாரும் எடுக்கலன்னா சக்கரம் பெட்டிக்குள்ள போயிரும். அப்புறம் யாருக்குமே கெடையாது" என்றாள்.

விளையாட்டுக்குச் சொல்கிற குரல் இல்லை அது. தினேஷ் ஜன்னலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டான். மேசையில் எல்லாருக்கும் விளங்கிவிட்டது என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் சுப்ரமணியம் அத்தானைப் பார்த்துக் கையைக் காட்டினார். அத்தான் தலையை ஆட்டி அவர் பக்கமே கையைத் திருப்பிக் காட்டினார். பழக்கம் பொல்லாதது.

லெட்சுமியம்மாள் முறை. அவர் கொஞ்ச நேரம் கார்டையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கையை நீட்டிச் சக்கரத்தை எடுத்துத் தன் முன்னால் வைத்துக்கொண்டார்.

"எனக்கு வேணும்" என்றார்.

அத்தனை மாதத்தில் எங்கள் ஆறு பேரில் ஒருவர் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்தது அப்போதுதான். சுப்ரமணியம் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். எனக்கு என்னவோ போல் இருந்தது. யாரோ மூடியிருந்த ஜன்னலைத் திறந்தால் இருக்குமே, அந்த மாதிரி.

எடுத்தவர் அதோடு நிற்கவில்லை. கையிலிருந்த மற்ற கார்டுகளையும் கீழே வைத்தார்.

"சம்பந்தி, தப்பா எடுத்துக்காதீங்க. எனக்குக் கோயில்தான் முதல்ல வேணும். எங்க முருகன் முன்னாடி எம்மவன் தாலி கட்டறத நான் பாக்கணும். இதச் சொன்னா நீங்க மனசு கஷ்டப்படுவீங்கன்னுதான் இத்தன நாளா வாயத் தொறக்கல."

அத்தான் தன் பானைகளை வரிசையாக அடுக்கினார். பிறகு கலைத்தார். எனக்கு அவரைத் தெரியும். உங்கள் இஷ்டம் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

"எனக்கும் சர்ச்சுதாங்க முதல்ல வேணும்" என்றார். தலையை நிமிர்த்தவேயில்லை.

சரி. இப்போது இரண்டு பேர் மனதில் இருந்ததும் மேசைக்கு வந்துவிட்டது. பிரச்சினை தீர்ந்ததா? எங்கே தீரும்? முன்பு யாருக்கு என்ன வேண்டும் என்று தெரியாமல் நின்றிருந்தோம். இப்போது தெரிந்துகொண்டு நின்றோம். ஆனால் ஒன்று, யாரும் யாரையும் சந்தேகப்படவில்லை. இவர்களுக்கு இந்தக் கல்யாணம் வேண்டும். இவ்வளவு வேண்டும் என்பதால்தான் சொல்லாமல் இருந்திருக்கிறார்கள். அத்தான் முகத்தில் அது தெரிந்தது.

அந்த நேரம் பார்த்து, அதுவரை மூச்சுக்கு முன்னூறு தடவை மரியாதை காட்டிய சுப்ரமணியம், கார்டுகளை எல்லாம் ஒன்றாகச் சேர்த்து அழகாகக் கலைத்துப் போட ஆரம்பித்தார். ரம்மி ஆடிய கை.

"அப்ப வெளையாடிப் பாத்துருவோமா? எந்தப் பக்கம் ஜெயிக்குதோ அந்தப் பக்கம் முதல்ல" என்றார்.

தினேஷ் "அலமாக்" என்று தலையில் கை வைத்தான். ஜெனிஃபர் வேண்டாம் என்று சொல்வாள் என்று பார்த்தேன். அவள் சொல்லவில்லை. விதிப் புத்தகத்தை முதல் பக்கத்துக்குத் திருப்பினாள். ஃபாதரிடமும் சொல்லக்கூடாது, கோயில் குருக்களிடமும் சொல்லக்கூடாது என்று மட்டும் பேசிக்கொண்டோம். அதனால் இதை வாசிக்கிற நீங்களும் தயவுசெய்து சொல்லாதீர்கள்.

இரண்டாவது ஆட்டம் ஆரம்பித்தது. என்ன சொல்ல... அதே நான்கு பேர்தானா என்று இருந்தது.

முதல் சுற்றிலேயே லெட்சுமியம்மாள் கண் இமைக்காமல் சக்கரத்தை எடுத்தார். அத்தான் மறு சுற்றில் போர்க் கார்டைப் போட்டு சுப்ரமணியத்தின் களஞ்சியத்தைப் பிடுங்கினார். சுப்ரமணியம் சும்மா இருப்பாரா? அத்தானின் துறைமுகத்தை வாங்கிக்கொண்டார். "சம்பந்தி, மன்னிக்கணும்" என்று சொல்லிக்கொண்டேதான் இருவரும் ஒருவரை ஒருவர் கொளுத்தினார்கள். மரியாதை அங்கேயும் குறையவில்லை. ஆயர் ஈத்தாமில் வார்த்தைக்கு வார்த்தை பம்மிய அத்தான், சம்பந்தியின் கப்பல் மூழ்கியபோது மேசையில் தட்டிச் சிரித்தார். அக்காள் போனபிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

கற்காலம் முடிந்தது, இரும்புக் காலம் முடிந்தது. தேநீர் ஆறிப்போனது, யாரும் தொடவில்லை. மூன்றாவது காலம் வருவதற்குள் ஆண்கள் இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் அழித்து முடித்திருந்தார்கள். அத்தானிடம் ஒரு பானை மிச்சம். சுப்ரமணியத்திடம் ஒரு கோட்டைச் சுவர், உள்ளே ஒன்றுமில்லை.

லெட்சுமியம்மாள் முன்னால் சக்கரம், வண்டி, சாலை, பெரிய சந்தை. நான் வழக்கம் போல வயல் வயலாக, கூடவே ஒரு கிணறும் எடுத்து அடுக்கியிருந்தேன். வயலைப் பிடுங்கினால் புள்ளி குறைவு என்பதால் என்னை யாரும் சீண்டவில்லை. கிணறு உள்ள வயலுக்குக் கடைசியில் இரட்டைப் புள்ளி என்று விதியில் இருந்தது. அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

கடைசிச் சுற்றில் என் முறை வந்தபோது தினேஷ் கணக்குப் பார்த்துச் சொன்னான். லெட்சுமியம்மாள் கொஞ்சம் முன்னால், நான் கொஞ்சம் பின்னால். என் கையில் பயன்படுத்தாத போர்க் கார்டு ஒன்று இருந்தது.

இந்தப் பத்திரிகைப் பத்தியைத் தொடர்ந்து வாசிப்பவர்களுக்கு என்னைத் தெரியும். நான் வேடிக்கை பார்க்கிற ஜாதி. மற்றவர்கள் சண்டை போட்டால் ஓரமாக நின்று பார்த்து, வீட்டுக்குப் போய் உங்களுக்கு எழுதுவேன். இந்தக் கல்யாணப் பேச்சிலும் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். அத்தான் இஷ்டம், அவர்கள் இஷ்டம், எனக்கென்ன என்று. அக்காள் இடத்தில் உட்கார்ந்தேனே தவிர அக்காள் வேலையைச் செய்யவில்லை. அவள் இருந்திருந்தால் முதல் நாள் காப்பியிலேயே சர்ச்சுதான் முதலில் என்று சொல்லிவிட்டு, சம்பந்தியம்மாளோடு ஒரு சண்டையும் போட்டு, மறுவாரம் பத்திரிகை அடித்திருப்பாள்.

அந்தக் கார்டைக் கையில் வைத்திருந்தபோது எனக்குத் தெரிந்தது. எனக்கு வேண்டும். மூவார் சர்ச்சில் அக்காளுக்குத் தாலி ஏறியபோது நான் பின்னால் நின்று அவள் முக்காட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவள் சவப்பெட்டியை வைத்ததும் அதே பீடத்துக்கு முன்னால்தான். அந்த இடத்தில் அவள் மகள் சந்தோஷமாக நிற்பதை நான் பார்க்க வேண்டும். நன்றாகவே ஆசை இருந்திருக்கிறது. இத்தனை நாள் என்னிடமே சொல்லிக்கொள்ளவில்லை.

கார்டைப் போட்டேன். சந்தையை எடுத்துக்கொண்டேன். மன்னித்துக்கொள்ளச் சொல்லி லெட்சுமியம்மாளைப் பார்த்தேன்.

"மன்னிப்பு எதுக்குங்க, கார்டு இருந்தா போட வேண்டியதுதானே" என்றார்.

ஜெயித்தது நான்.

இப்போது பாருங்கள் எங்கள் ஆட்களின் புத்தியை. ஜெயித்தாகிவிட்டது, பேச்சுப்படி சர்ச் முதலில். ஆனால் ஜெயித்த உடனே அத்தானுக்குப் பழைய வியாதி திரும்பிவிட்டது. லெட்சுமியம்மாளின் முகத்தைப் பார்த்தார், தாங்கவில்லை. விளையாட்டை விளையாட்டாக வைத்துக்கொள்வோம், நாம் பெண் வீட்டுக்காரர்கள், என்ன இருந்தாலும் சம்பந்தி... என்று ஆரம்பித்தார். அடுத்த இரண்டு வார்த்தை என்ன என்று எல்லாருக்கும் தெரியும். ஜெனிஃபர் கண்ணை மூடிக்கொண்டாள்.

"அத்தான், நிறுத்துங்க" என்றேன். "எனக்கு சர்ச் முதல்ல வேணும். நான் ஜெயிச்சிருக்கேன்."

என் வயதில் கார்டு விளையாட்டில் ஜெயித்ததற்காக ஒருவர் அடம் பிடிப்பது அவ்வளவு அழகாக இருக்காது. பரவாயில்லை.

லெட்சுமியம்மாள் என்னையே பார்த்தார். கோபமா, வருத்தமா, தெரியவில்லை. சக்கரக் கார்டை விரலால் தள்ளிக்கொண்டே இருந்தார்.

"முதல் நாள் உங்களோடது. தோத்தா தோத்ததுதான்" என்றார். "ஆனா தாலிய எங்கிட்ட விட்டுருங்க. சர்ச்சுல மோதிரம் மாத்திக்கட்டும். தாலி மறுநாள் முருகன் முன்னாடி ஏறட்டும்."

அக்காளுக்குச் சர்ச்சில்தான் தாலி ஏறியது. அது எனக்கும் வேண்டியிருந்தது. வலிக்கவில்லை என்று சொன்னால் பொய். ஆனால் கேட்டவர் முகத்தை நேராக வைத்துக்கொண்டு கேட்டார். கேட்டால் பதில் சொல்ல முடிகிறது. கேட்காமல் இருந்தவர்களுக்குத்தான் இத்தனை மாதமாக என்ன சொல்வது என்று தெரியாமல் பூச்சாடி வாங்கிக் கொடுத்துக்கொண்டிருந்தோம்.

அத்தானைப் பார்த்தேன். அவர் மெல்லத் தலையசைத்தார். ஜெனிஃபரைப் பார்த்தேன். அப்போதுதான் உறைத்தது, கட்டிக்கொள்ளப் போகிறவளை யாருமே கேட்கவில்லை. உனக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன்.

"எனக்கு ஒரு தேதி வேணும் சித்தி" என்றாள். அழுதுவிட்டாள். தினேஷ் பக்கத்தில் வந்து நின்றுகொண்டான்.

தாலி உங்களோடது என்று லெட்சுமியம்மாளிடம் சொன்னேன். ஒரு நிபந்தனை, கோயிலில் தாலித் தட்டை எல்லாரிடமும் ஆசீர்வாதத்துக்குக் கொண்டுபோவது நானாக இருக்க வேண்டும். அவர் யோசிக்கவேயில்லை, சரி என்றார்.

அதற்குப் பிறகு வேலை படபடவென்று நடந்தது. சுப்ரமணியம் காலண்டரைக் கேட்டார். கிறிஸ்துமஸுக்கு முந்தைய திருவருகைக் காலம் எங்களுக்கு ஆகாது, மார்கழி அவர்களுக்கு ஆகாது, தினேஷ் அதற்குள் ஹனோய் கிளம்ப வேண்டும். இதையெல்லாம் கழித்துப் பார்த்தால் ஐப்பசியில் ஒரு வாரக் கடைசிதான் மிச்சம். சனிக்கிழமை காலை மூவாரில் சர்ச், ஞாயிறு காலை சாஆவில் கோயில். புதுசாகப் போட்ட தே தாரிக் ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மழையும் விட்டிருந்தது.

வீட்டுக்குத் திரும்பும்போது யோசித்தேன். நாம் விட்டுக்கொடுப்பது பெரிய குணம்தான். யார் இல்லை என்றார்கள்? ஆனால் விட்டுக்கொடுக்க முதலில் கையில் ஏதாவது இருக்க வேண்டும். வேண்டும் என்று சொல்லி எடுத்தவன்தான் பிறகு இந்தா என்று நீட்ட முடியும். எடுக்காமலே நீங்கள் எடுங்கள், நீங்கள் எடுங்கள் என்று உபசாரம் பண்ணிக்கொண்டே இருந்தால்... முதன்முதலில் சக்கரம் செய்த ஆள் நம் மாதிரி மரியாதைக்காரனாக இருந்திருந்தால் இன்றைக்கும் நாம் மூவாருக்கு நடந்துதான் போக வேண்டும்.

லெட்சுமியம்மாள் இப்போதெல்லாம் என்னிடம் "உங்க இஷ்டம்" என்று சொல்வதில்லை. புதன்கிழமை ஃபோன் செய்தார். சர்ச்சில் தனக்கு முதல் வரிசையில் இடம் வேண்டும் என்றார். ஒதுக்குகிறேன் என்றேன். வியாழக்கிழமை மறுபடி ஃபோன். விருந்தில் கத்தரிக்காய் வைக்கக்கூடாதாம். அது முடியாது என்று சொன்னேன், எங்கள் பக்கம் கத்தரிக்காய் இல்லாமல் பிரியாணியா? கொஞ்சம் சூடாகவே பேசிக்கொண்டோம். மனதுக்கு எவ்வளவு நிம்மதியாக இருந்தது தெரியுமா?

நேற்று ஜெனிஃபர் கூப்பிட்டாள். விளையாட்டுப் பெட்டியை அடுக்கும்போது ஒரு கார்டு குறைகிறதாம். சக்கரம். சோஃபாவுக்கு அடியில்கூடத் தேடிவிட்டாளாம்.

எனக்குச் சந்தேகம் வந்து லெட்சுமியம்மாளிடம் கேட்டேன். தன் ஹேண்ட்பேக்கில்தான் இருக்கிறது என்றார். தெரியாமல் வந்துவிட்டதா என்று கேட்டேன். தெரிந்துதான் எடுத்து வந்தேன், திருப்பித் தர முடியாது, அது என்னுடையது என்றார்.

உங்கள் இஷ்டம் என்று சொல்ல வாய் வரைக்கும் வந்தது. அடக்கிக்கொண்டு, தினேஷை இன்னொரு பெட்டி வாங்கி வரச் சொல்லியிருக்கிறேன்.

எனக்கும் ஒரு சக்கரம் வேண்டும்.